துருவும் ஒரு பாடபேதம்

அப்பாவின் காரியங்கள் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, எங்கள் மூவருக்கும் முன்னால் எஞ்சி நின்றவை மூன்று: ஒரு பழைய வீடு, இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள், ஒரு வேட்டைத் துப்பாக்கி. வீட்டைப் பற்றியும் புத்தகங்களைப் பற்றியும் ஒரே மாலையில் பேசி முடித்துவிட்டோம். துப்பாக்கிதான் எங்களை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அலைக்கழித்தது. அந்த அலைச்சலை விவரிப்பதைவிட, அதன் முடிவில் நாங்கள் வந்தடைந்த ஒரு கருத்தை முன்வைப்பதே இங்கு நோக்கம். பழம்பொருளைப் புதுப்பித்தல் என்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் செயல், பெரும்பாலான வேளைகளில் அதை அழிப்பதற்கு நாம் வைத்திருக்கும் கௌரவமான பெயர் மட்டுமே. ஏடுகளையும் கல்வெட்டுகளையும் பற்றிக் கவலைப்படத் தெரிந்த நாம், வீட்டுப் பரணில் கிடக்கும் பொருள்களிடம் அந்தக் கவலையைக் காட்டுவதில்லை.

முதலில் துப்பாக்கியைச் சொல்லிவிடுகிறோம். தாத்தா கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1919இல் தோட்டத்து ஆட்களை அச்சுறுத்திவந்த சிறுத்தையை அவர் சுட்டு வீழ்த்தியதாகவும், அதை மெச்சிய வெள்ளைக்காரத் துரை தன் கையிலிருந்த துப்பாக்கியையே பரிசாகக் கொடுத்துவிட்டதாகவும் எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. மூன்று தலைமுறைக் குழந்தைகள் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே உறங்கியிருக்கிறோம். தாத்தாவுக்குப் பின் உரிமம் அப்பாவின் பெயருக்கு மாறியது. அப்பா அதை ஒருமுறைகூடச் சுட்டதில்லை. ஆண்டுக்கொருமுறை எண்ணெய் துணியால் துடைத்து உறையில் இடுவார். கடைசிச் சில ஆண்டுகளில் அதுவும் நின்றுபோயிற்று. நாங்கள் உறையைத் திறந்தபோது குழலின் மேல் செந்துரு படர்ந்திருந்தது. பின்கட்டையில் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இதற்குள் போக முடியாது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே சட்டப்படி சரியன்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். அதன் பிறகு வாரிசுகளில் ஒருவர், மற்றவர்களின் சம்மதக் கடிதத்துடன் தம் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2019இல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வருபவையும் அந்தக் கணக்கில்தான் சேரும். பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் பெற்ற ஆயுதப் பட்டறைதான் வேண்டும். தெருமுனை லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளும் வேலையன்று இது. விண்ணப்பம், விசாரணை, மீண்டும் விசாரணை எனப் பதினான்கு மாதங்கள் போயின. அந்தக் காத்திருப்பை அப்போது சபித்தோம். இப்போது நினைத்தால், துப்பாக்கியைக் காப்பாற்றியதே அந்தக் காத்திருப்புதான். கையில் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்போம்.

கையில் பொருள் இல்லாததால் காகிதங்களைத் தேடத் தொடங்கினோம். ஒப்படைப்பதற்கு முன் எடுத்துவைத்த சில புகைப்படங்கள் இருந்தன. குழலின் அடிப்பகுதியில் சிறு சிறு முத்திரைகள் தெரிந்தன. பிரிட்டனில் செய்யப்படும் ஒவ்வொரு துப்பாக்கியும், விற்பனைக்கு வருமுன், அளவுக்கு மீறிய வெடிமருந்தை வைத்துச் சுட்டுச் சோதிக்கப்பட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். லண்டனில் ஒன்றும் பர்மிங்காமில் ஒன்றுமாக அதற்கென இரண்டு சோதனைச் சாலைகள் உண்டு. பர்மிங்காம் சாலை 1813ஆம் ஆண்டின் ஒரு நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. சோதனையில் தேறிய குழலின் மேல் மகுடமும் எழுத்துகளும் கொண்ட முத்திரையைப் பொறிப்பார்கள். அந்தக் குழல் தாங்கக்கூடிய கார்டைட் மருந்தின் எடையையும் குண்டின் எடையையும்கூடப் பொறிப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. துப்பாக்கியின் உடம்பிலேயே அதன் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் துப்பாக்கியில் இருந்தவை பர்மிங்காம் முத்திரைகள். அவற்றோடு ஓர் ஓரத்தில், மிளகளவு வட்டத்துக்குள் ஓர் எழுத்தும் இருந்தது. பர்மிங்காம் சாலை ஆண்டுக்கு ஓர் எழுத்தாக இந்தக் குறியை இடத் தொடங்கியது 1921இல். இதைத் தெரிந்துகொண்ட இரவில் எங்களில் ஒருவருக்கும் உறக்கம் வரவில்லை. 1921க்கு முன் சோதனைச் சாலையைக் கடந்திராத ஒரு துப்பாக்கியை, 1919இல் எந்தத் துரையாலும் யாருக்கும் பரிசாகக் கொடுத்திருக்க முடியாது.

பிரிட்டனின் பழைய ஆயுதத் தயாரிப்பாளர்கள் பலர், வரிசை எண் வாரியாக எழுதப்பட்ட தங்கள் பேரேடுகளை இன்றும் பேணிவருகிறார்கள். எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டணம் செலுத்தினால் அந்தப் பதிவின் நகல் கிடைக்கும். எங்களுக்கும் கிடைத்தது. துப்பாக்கி 1926இல் செய்து முடிக்கப்பட்டுச் சென்னை வியாபாரி ஒருவருக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. பிறகு தாத்தாவின் தகரப் பெட்டியில் அவருடைய பழைய உரிமப் புத்தகம் அகப்பட்டது. அதனுள் நான்காக மடித்த ஒரு ரசீது. 1934இல், தோட்டத்தை விட்டுப் போன ஒருவரிடமிருந்து, 150 ரூபாய்க்குத் தாத்தா அதை வாங்கியிருக்கிறார். மூன்று தவணை.

பரிசு இல்லை, விலை. இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று இன்று தோன்றுகிறது. ஒரு கணக்குப்பிள்ளை தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் பெருமைக்குரியதே. அப்படியிருக்க, அதை ஏன் பரிசாக மாற்றினோம்? 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டியிருந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. ஆட்சியாளர்களின் அச்சம் துப்பாக்கிக் குழலின் விட்டம்வரை நீண்டது. 1907இல் .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை வந்தது. படையின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கான தோட்டாக்கள் கலகக்காரர்களுக்குக் கிடைத்துவிடும் என்ற பயமே காரணம். அந்தத் தடையைத் தாண்டவே .470, .465 போன்ற புதிய அளவுகளைத் தயாரிப்பாளர்கள் உருவாக்கினார்கள். அந்தப் பயம் வெறும் கற்பனையுமன்று என்பதை, 1914 ஆகஸ்டில் கல்கத்தா ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சியாளர்கள் கடத்திச் சென்ற நிகழ்வு காட்டியது. இத்தகைய காலத்தில், துரை தன் கையால் கொடுத்த துப்பாக்கி என்பது ஒரு நம்பிக்கைச் சான்றிதழ். உழைத்து வாங்கியதைவிடக் கொடுக்கப் பெற்றது உயர்ந்ததாகத் தோன்றிய மனநிலையில் பிறந்த கதை அது. தாத்தாவே சொன்னாரா, அவருக்குப் பின் வந்தவர்கள் சேர்த்தார்களா என்பது முக்கியமன்று. எழுபது ஆண்டுகள் அதை நம்புவதற்கு நாங்கள் விரும்பினோம் என்பதே முக்கியம்.

உரிமம் வந்தது. துப்பாக்கியைப் பட்டறைக்கு எடுத்துப்போனபோது எங்களுக்குள் மூன்று கட்சிகள் இருந்தன. மூத்தவருக்கு அதைக் கடையிலிருந்து வந்ததுபோல் ஆக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும். இளையவருக்கு அது கொலைக்கருவி. அரசிடமே கொடுத்து நொறுக்கிவிடச் சொல்ல வேண்டும் என்றார். இடையில் நின்றவருக்குத் தீர்மானமான கருத்து எதுவும் கிடையாது. பட்டறைக்காரர் எழுபதைக் கடந்தவர். அவருடைய தந்தையும் இதே தொழில் செய்தவராம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போல்ட்டை உருவி வைத்து, குழலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

முதலில் விட்டத்தை அளந்தார். எண்ணெயிட்ட ஈயக் குண்டொன்றைக் குழல் வழியே மெதுவாகத் தள்ளி எடுத்து அளந்தபோது, .318 என்று பெயர் பெற்ற துப்பாக்கியில் குண்டின் விட்டம் .330 அங்குலமாக வந்தது. பிழையோ என்று பதறினோம். அவர் சிரித்தார். அந்த அளவின் பெயர் குழலின் மேடுகளுக்கு இடைப்பட்ட அகலத்திலிருந்து வந்தது. குண்டோ பள்ளங்களை நிரப்ப வேண்டியது. பெயரை நம்பித் தோட்டா தேடுகிறவன் ஏமாந்துபோவான். குழலின் உட்புறம் அம்மைத் தழும்புபோல் குழிவிழுந்திருந்தது. பழைய தோட்டாக்களின் தீமருந்தில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் உப்பாகப் படிந்து ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் இரும்பைத் தின்றுவிடும். மலையில் வேட்டை முடிந்து வந்த இரவுகளில் யாரோ அசதியில் கழுவாமல் உறங்கியிருக்கிறார்கள்.

பிறகு வெளிப்புறத்துக்கு வந்தார். "எமரி போட்டு இழைச்சு, நீலம் ஏத்தி, கண்ணாடி மாதிரி பண்ணித் தரலாம் ஐயா. கட்டையையும் இழைச்சு பாலிஷ் போட்டுடலாம். கேக்குறவங்க எல்லாம் அதத்தான் கேக்குறாங்க" என்றார். மூத்தவர் தலையசைத்தார். முதியவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. குழலின் முன்பாதியில், நீலம் முற்றிலும் போய் வெள்ளி நிறத்தில் பளபளத்த ஒரு சாண் நீளத்தைக் காட்டினார். கட்டையின் அடிவயிற்றில் சற்றே குழிந்து வழுவழுப்பாகியிருந்த ஓரிடத்தையும் காட்டினார். "இது சுட்டவர் கை இல்லீங்க. சுடுறவர் கை இவ்வளவு முன்னால வராது. தோள்ல சாத்தி, வாயை முன்னால விட்டு, குழலப் புடிச்சுக்கிட்டே நடந்தவன் கை. ரொம்ப வருஷம் நடந்திருக்கான்" என்றார்.

எங்களிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. 1938 என்று பின்புறம் எழுதியிருக்கும். செத்த சிறுத்தையின் அருகே தாத்தா துப்பாக்கியை ஊன்றி நிற்கிறார். படத்தின் இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, அரையில் மட்டும் துணியுடுத்திய ஒருவர் நிற்கிறார். பளியராக இருக்கலாம், அந்த மலையின் வழிகளும் தடங்களும் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். சிறுவயதில் கேட்டபோது, "அது கூடப் போன ஆள்" என்று அத்தை சொன்னார். படத்தின் பின்புறம் சிறுத்தையின் நீளம் அங்குலக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த மனிதரின் பெயர் இல்லை. எங்கள் குடும்பத்தின் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் உலகில் விட்டுச்சென்றவற்றுள் எங்களிடம் இருப்பது அந்த ஒரு சாண் தேய்மானம் மட்டுமே. அதைத்தான் எமரி போட்டு இழைத்து, மேலே நீலம் பூசி, பளபளவென்று ஆக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வேட்டை இலக்கியத்தில் தோய்ந்த வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஜிம் கார்பெட்டுக்கு, 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் புலியைச் சுட்டதற்காக, 1907இல் ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹெவெட் வழங்கிய ரிக்பி துப்பாக்கி இன்றும் இருக்கிறது. செய்த நிறுவனத்திடமே திரும்பிச் சேர்ந்து, பரிசுச் செய்தி பொறித்த வெள்ளித் தகடோடு காட்சிக்கு வைக்கப்படுகிறது. கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரிக் காடுகளுக்குக் கொண்டுவந்த .405 வின்செஸ்டரைப் பற்றி அவருடைய வாசகர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். இவ்விருவரும் உடன் வந்தவர்களைப் பெயர் சொல்லி எழுதியவர்கள் என்பதை மறுக்கவில்லை. வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் எழுதவே இல்லை. அவர்களின் துப்பாக்கிகள்தாம் எழுதியிருக்கின்றன. அந்த எழுத்தைத்தான் நாம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

கோயில் திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீய்ச்சிக் கற்சுவர்களைச் சுத்தம் செய்தபோது, பல நூற்றாண்டுக் கல்வெட்டுகள் மழுங்கிப்போனதை நாம் அறிவோம். கும்பாபிஷேகத்தன்று சுவர் புத்தம்புதிதாகத்தான் இருந்தது. கொடை தந்தவரின் பெயர்தான் இல்லை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த முன்னோடிகள் இதற்கு நேர்மாறான ஒரு பாடத்தை நமக்குக் கற்றுத் தந்தார்கள். உ.வே.சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். தமக்குப் பொருந்துவதாகப் பட்ட பாடத்தை மேலே கொடுத்து, வேறுபட்ட பாடங்களையும் குறித்துவைப்பது அவருடைய பதிப்பு மரபாயிற்று. அவர் நினைத்திருந்தால் விளங்காத இடங்களைத் தாமே எழுதி நிரப்பியிருக்கலாம். செய்யுள் இயற்றும் வல்லமை அவருக்கு இருந்தது. நிரப்பாமல் விட்டதே அவருடைய பெருமை. துருவும் தேய்மானமும் விரிசலும் ஒரு பொருளின் பாடபேதங்கள். எது சிதைவு, எது சான்று என்று பிரித்தறியும்வரை எதையும் தொடக்கூடாது என்பதே நாங்கள் கற்றுக்கொண்டது.

இப்படிச் சொல்வதால் துருவை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று பொருளல்ல. செந்துரு உயிருள்ளதுபோல் பரவும். விட்டால் முத்திரைகளையும் தின்றுவிடும். முதியவர் கடைசியில் செய்தது இதுதான். இரும்புப் பாகங்களைக் கட்டையிலிருந்து பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, கொதிநீரில் வேகவைத்தார். செந்துரு, அப்படிக் கொதிக்கும்போது, நிலையான கருந்துருவாக மாறிவிடுகிறது. மெல்லிய எஃகுப் பஞ்சால் வருடியதும் தளர்ந்தது உதிர்ந்து, பழைய நீலத்தில் எஞ்சியிருந்தது வெளிப்பட்டது. தேய்ந்த இடம் தேய்ந்தபடியே நின்றது. எண்ணெய் ஊறிக் கறுத்திருந்த கட்டையின் மேல் சுண்ணத்தூளைக் குழைத்துப் பூசி, உறிஞ்சவிட்டு, பல நாள் மீண்டும் மீண்டும் செய்தார். விரிசலை உள்ளிருந்து பசையிட்டு இறுக்கினார். வெளியே அதன் கோடு தெரிகிறது, தெரியட்டும் என்றோம். மேலே ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டால் தேய்த்ததோடு சரி. திருகாணி ஒவ்வொன்றின் தலைக்கும் பொருந்தும்படி திருப்புளியின் முனையைத் தேய்த்துக்கொண்ட பிறகே அதைத் தொட்டார். "புதுசாக்குறது சுலபம் ஐயா. இருக்கிறத இருக்கிறபடி நிறுத்துறதுதான் வேலை" என்று அவர் சொன்னதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சேர்ப்பதற்கில்லை.

நொறுக்கிவிட வேண்டும் என்ற கட்சிக்கும் பதில் சொல்ல வேண்டும். கட்டையில் பதினொரு வெட்டுக்குறிகள் இருக்கின்றன. பதினொன்றும் சிறுத்தையாக இருக்க வாய்ப்பில்லை. கடமானும் காட்டுப்பன்றியும் இருக்கும், காட்டெருமையும் இருக்கலாம். அவற்றை வைத்துக்கொண்டு பெருமைப்பட எங்களால் இயலாது. ஆனால் துப்பாக்கியை நொறுக்கினால் அந்தப் பதினொன்றும் நடக்காததாகிவிடுமா? குற்றத்தின் சாட்சியை அழித்துவிட்டுக் கைகழுவுவதை அறம் என்று கொள்ள முடியவில்லை. அந்தக் குறிகள் இருக்கும்வரை வீட்டில் எவரும் வேட்டையைக் காவியமாக்கிப் பேச முடியாது. சுமந்தவரின் கைத்தடமும் அந்த உலையிலேயே உருகிப்போகும் என்பதை இளையவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். கூடத்தில் மாட்டும் யோசனையை மூத்தவர் கைவிட்டதும் அதே நாளில்தான்.

இன்னொரு கதையும் எங்கள் வீட்டில் உண்டு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துதான் தாத்தாவின் கையைக் கட்டிப்போட்டது என்பார்கள். உரிமப் புத்தகத்தின் பின்பக்கங்களில் தோட்டா வாங்கிய பதிவுகள் தேதிவாரியாக இருக்கின்றன. கடைசிப் பதிவு 1966. சட்டத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்பே அவர் தோட்டா வாங்குவதை நிறுத்திவிட்டார். இதைக் கண்டதும் எங்கள் நெஞ்சு குளிர்ந்தது. தாத்தா மனம் மாறிவிட்டார், கார்பெட் கேமராவை ஏந்தியதுபோல் ஏதோ ஓர் உள்விழிப்பு நேர்ந்திருக்கிறது என்று எழுதத் துடித்தோம். ஆனால் பெருவேட்டைத் தோட்டாக்களைச் செய்துவந்த கைனாக் நிறுவனம் அத்தகைய பழைய அளவுகளைக் கைவிட்டதும் அதே 1960களில்தான். கடையில் தோட்டா கிடைக்காததால் நின்றிருக்கலாம். கண்பார்வை மங்கியிருக்கலாம். பரிசுக் கதையை உடைத்த கையோடு திருந்திய கதையொன்றைக் கட்டிவிட்டால், எமரித்தாளை வேறு விதமாகப் பயன்படுத்தியவர்கள் ஆவோம். ஆகவே அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறோம்.

இதைப் படிக்கும் நண்பர்களின் வீடுகளிலும் இப்படியொரு துப்பாக்கி இருக்கலாம். துப்பாக்கி இல்லாவிட்டால் தாத்தாவின் கடிகாரமோ பாட்டியின் வெற்றிலைப் பெட்டியோ இருக்கலாம். துடைப்பதற்கு முன் புகைப்படம் எடுங்கள். முத்திரையையும் எண்ணையும் எழுதிவையுங்கள். உரிமப் புத்தகத்தைக் காகிதக் குப்பையில் போடாதீர்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, யாருடைய கை பட்டால் அங்கே தேயும் என்று ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து யோசியுங்கள். வீட்டுக் கதை பொய்யாகிப்போகக்கூடும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் புதுப்பிக்கும் வேலையில் இறங்க வேண்டாம்.

எங்கள் துப்பாக்கி இப்போது பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதைச் சுடப்போவதில்லை. உரிமத்தை அடுத்த தலைமுறையில் ஏற்பவர் எவரும் இல்லையென்றால் ஓர் அருங்காட்சியகத்திடம் கொடுப்பதாக முடிவு. கூடவே போக வேண்டும் என்று நான்கு பக்கங்கள் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பதிப்புரை என்றுதான் தலைப்பிட்டிருக்கிறோம். 1926, 1934, 1966 ஆகிய தேதிகளும் 150 ரூபாயும் பதினொரு குறிகளும் அதில் உண்டு. பரிசுக் கதையும் பாடபேதமாக அடிக்குறிப்பில் இருக்கிறது. முதல் பக்கத்தின் முதல் வரி, குழலின் முன்பாதியில் உள்ள தேய்மானத்தைத் துடைத்துவிட வேண்டாம் என்ற வேண்டுகோள்.